இயன் வருகிறது: கேப் கோரல் நாட்குறிப்பு

23 செப்டம்பர் 2022, வெள்ளி

கரீபியன் கடலில் சுழன்றுகொண்டிருந்த தாழ்வு மண்டலத்துக்கு இரவு 11 மணி அறிக்கையில் பெயர் வைத்துவிட்டார்கள். இயன்.

கடலூரிலிருந்து அம்மா வந்து இரண்டு மாதம் ஆகிறது. செய்தியைச் சொன்னதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "எத்தனாம் நம்பர் கூண்டு ஏத்தியிருக்காங்க?" புளோரிடாவில் கூண்டு இல்லை, கூம்புதான் என்றேன். வரைபடத்தில் புயலின் முன்னால் வெள்ளையாக விரியும் அந்தக் கூம்பைப் போனில் காட்டினேன். கூம்பின் முனை வடக்கே டாம்பா பக்கம் நீள்கிறது. நாங்களும் அதற்குள்தான் இருக்கிறோம்.

24 செப்டம்பர், சனி

மாநிலத்தின் 67 மாவட்டங்களுக்கும் அவசரநிலை அறிவித்தாயிற்று. கடைக்குப் போனால் தண்ணீர் பாட்டில் அடுக்குகள் காலி. நல்லவேளை, ஜூன் மாதமே நான்கு பெரிய கேன் வாங்கி வைத்திருந்தேன். பேட்டரி, மெழுகுவத்தி, டின்னில் அடைத்த கடலை, ரொட்டி, அப்பாவுடைய பழைய டிரான்சிஸ்டருக்கு செல். காருக்குப் பெட்ரோல் போட முக்கால் மணி நேரம் நின்றோம்.

எதிர்வீட்டுப் பெரியவர் வேலிப் பக்கம் வந்து, "டாம்பாவுக்குப் போகுது, பயப்படாதீங்க" என்றார். எனக்கு அந்த வார்த்தைதான் பயமாக இருக்கிறது. 2004 ஆகஸ்ட் 13 அன்று சார்லி புயலும் டாம்பாவுக்குத்தான் போவதாக இருந்தது. கடைசி நேரத்தில் வலப்பக்கம் திரும்பி, இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் காயோ கோஸ்டா தீவில் ஏறியது. அன்று அவர் இதே வீட்டில்தான் இருந்தார். கூரையில் பத்து ஓடு போனதோடு சரி. அதனால் இன்றுவரை அவருக்குப் புயல் என்றால் சார்லி.

கூம்பைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். அது புயலின் அகலம் இல்லை. புயலின் நடு மையம் எங்கே போகக்கூடும் என்பதை மட்டும் காட்டுகிறது. அதுவும் மூன்று முறைக்கு இரண்டு முறைதான் மையம் அதற்குள் அடங்கும். மழையும் கடலும் கூம்புக்கு வெளியே நன்றாக வரும். கூம்புக்கு நடுவில் ஒரு கோட்டைக் கற்பனை செய்துகொண்டு, நம் வீடு கோட்டில் இல்லை என்று தூங்கப் போகிறவர்களை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

25 செப்டம்பர், ஞாயிறு

மாளய அமாவாசை. அம்மா காலையில் படையல் முடித்துவிட்டு, மாலையில் ஐந்து படி கட்டிக் கொலு வைத்துவிட்டாள். பொம்மை எல்லாம் பண்ருட்டி. இரண்டு மாதம் முன்பு அவள் பெட்டியில் புடவைக்குள் சுற்றிக் கொண்டுவந்தவை. "புயல் வருதும்மா, வேண்டாமே" என்றதற்கு, "வந்தா வரட்டும். அமாவாசை கழிஞ்சு ரெண்டு மூணு நாள் கடல் ஏத்தமா இருக்கும், அதை மட்டும் பாத்துக்க" என்றாள். பிறந்தது முதல் கடற்கரையில் இருந்தவள். நான் அலை அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். அவள் பார்க்கவில்லை.

ராத்திரி காப்பீட்டுக் காகிதங்களை எடுத்தோம். வீட்டுக் காப்பீடு காற்றுக்குத்தான். தரையிலிருந்து ஏறும் தண்ணீருக்குத் தனியாக வெள்ளக் காப்பீடு வேண்டும். அதை இன்று எடுத்தால் 30 நாள் கழித்துத்தான் பெரும்பாலும் செல்லும். வீடு வாங்கிய அன்றே எடுத்திருந்தோம். பிறகு ஒவ்வொரு அறையாகப் போனில் வீடியோ எடுத்தேன், அலமாரிக் கதவைத் திறந்து, டிவிக்குப் பின்னால் இருக்கும் எண் தெரியும்படி.

26 செப்டம்பர், திங்கள்

நாள் முழுக்க ஷட்டர். கராஜில் அடுக்கி வைத்திருந்த அலுமினியத் தகடுகளில் முந்தைய வீட்டுக்காரர் மார்க்கரில் நம்பர் போட்டு வைத்திருக்கிறார், புண்ணியவான். எந்தத் தகடு எந்த ஜன்னல் என்று அதனால்தான் தெரிந்தது. கையால் திருகும் நட்டுகளில் பதினெட்டைக் காணோம். மூன்றாவது கடையில் கிடைத்தது. இரண்டு மணிக்குள் என் உள்ளங்கை தோலுரிந்துவிட்டது. மகன் தோட்டத்து நாற்காலி, பூந்தொட்டி, துளசி மாடம் எல்லாவற்றையும் உள்ளே இழுத்துப் போட்டான். அந்தக் காற்றில் ஒரு பூந்தொட்டி பீரங்கிக் குண்டு மாதிரி.

என் கணவருக்கு ஜன்னலைவிட கராஜ் கதவுதான் கவலை. அது பிளந்தால் காற்று உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்து தூக்கிவிடும். குறுக்கே இரும்புச் சட்டம் வைத்து முடுக்கினார்.

அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். 2011 டிசம்பர் 30 காலையில் 'தானே' புயல் கடலூரில் ஏறியபோது அவளும் அப்பாவும் ஓட்டு வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தார்கள். பண்ருட்டி பலா, முந்திரி எல்லாம் வேரோடு சாய்ந்த புயல். "தகரத்தை மூடிட்டா போதும், இந்த வீடு கல்லு வீடு" என்கிறாள். அவளுக்குப் புயல் என்றால் 'தானே'. காற்றைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். எதிர்வீட்டுக்காரர் பார்த்ததும் காற்றைத்தான். எங்களுக்குப் பின்னால் பத்தடியில் கால்வாய் ஓடுகிறது. இந்த ஊரில் அப்படி 640 கிலோமீட்டருக்குக் கால்வாய் வெட்டியிருக்கிறார்கள். கடல் எந்தப் பக்கம் வந்தாலும் அதற்கு வாசல் திறந்தே இருக்கிறது.

27 செப்டம்பர், செவ்வாய்

விடியற்காலை இயன் கியூபாவின் மேற்கே மணிக்கு 200 கி.மீ. காற்றோடு ஏறியிருக்கிறது. பாதை நேற்றைவிட கிழக்கே, நம் பக்கம். காலையில் ஏ மண்டலத்துக்கு, அதாவது கடல்நீர் முதலில் ஏறக்கூடிய பகுதிக்கு, வெளியேறும் ஆணை வந்தது. நாங்கள் ஏ. பேச்சுக்கே இடமில்லை, கிளம்புகிறோம் என்றார் அவர்.

இரண்டு மணி நேரத்தில் செய்தது: சோபாவை சாப்பாட்டு மேசைமேல் ஏற்றினோம். கட்டில் மெத்தை, துணி, புத்தகங்களை அலமாரியின் மேல்தட்டுக்கு மாற்றினோம். வாஷிங் மெஷினுக்கு அடியில் கான்கிரீட் கல். ஃப்ரீசரில் ஒரு டம்ளர் ஐஸ், அதன்மேல் ஒரு காசு. திரும்பி வரும்போது காசு அடியில் இருந்தால் ஐஸ் உருகியிருக்கிறது என்று அர்த்தம், உள்ளே இருப்பதைத் தொடக் கூடாது. கடைசியில் மெயின் சுவிட்ச். வாசலில் மணல் மூட்டை வைத்தோம். அது சில அங்குலத்துக்குத்தான் தாங்கும், தெரியும். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

கொலுவைக் கலைக்க அம்மா ஒப்பவே இல்லை. "நவராத்திரி நடுவுல கலைக்கக் கூடாதுடி." நான் வாதாடவில்லை. கலைக்க வேண்டாம், மேலே ஏற்றலாம் என்றேன். வரிசை மாறாமல் ஒவ்வொன்றாகச் சமையலறை அலமாரியின் தலைமேல் வைத்தோம். கலசத்தை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினாள்.

எதிர்வீட்டுக்காரரைக் கெஞ்சினேன். காரில் ஓர் இடம் இருக்கிறது, பூனையையும் கொண்டு வாருங்கள் என்றேன். "நான் சார்லியையே பார்த்தவன்." சார்லி கையளவு புயல், வேகமாகக் கடந்து போனது, தண்ணீரைக் குவிக்க அதற்கு நேரமே இல்லை, இது மாநிலத்தையே மூடுகிற அளவு என்றேன். கேட்டுக்கொண்டார், தலையசைத்தார், வரவில்லை. அவர் கைப்பேசி எண்ணை வாங்கிக்கொண்டேன்.

கிழக்கே, சதுப்பு நிலத்தைக் கடந்து கோரல் ஸ்பிரிங்ஸில் நண்பர் வீடு. ராத்திரி இங்கேயும் சுழற்காற்று எச்சரிக்கை, எல்லோருடைய போனும் ஒரே நேரத்தில் அலறியது.

28 செப்டம்பர், புதன்

காலை 7 மணி நிலவரம்: காற்று மணிக்கு 250 கி.மீ. ஐந்தில் நான்காம் வகை. நேராக எங்கள் கரைக்கு.

டாம்பா வளைகுடாவில் கடல் உள்வாங்கி, தரை தெரிகிறது என்று டிவியில் காட்டுகிறார்கள். புயல் சுழல்வது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில். மையத்துக்கு வடக்கே காற்று தரையிலிருந்து கடலுக்குத் தள்ளும், தெற்கே கடலிலிருந்து தரைக்கு. அங்கே வடிகிறது. நாங்கள் தெற்கே. எங்கள் கரையில் கடலடி வெகுதூரம்வரை ஆழமே இல்லாமல் மெல்லச் சரிகிறது. தாம்பாளத்துத் தண்ணீரை ஒரு பக்கமாக ஊதினால் விளிம்பில் என்ன ஆகுமோ அதுதான் ஆகும்.

மாலை 3:05. காயோ கோஸ்டா. சார்லி ஏறிய அதே தீவு.

4:40க்கு எதிர்வீட்டுக்காரர் போனை எடுத்தார். தெருவில் தண்ணீர், இன்னும் வீட்டுக்குள் வரவில்லை. 5:50க்கு, "கணுக்கால் வரை." கேஸ், மின்சாரம் எதையும் தொடாதீர்கள், உயரத்தில் ஏறுங்கள் என்றேன். 6:30க்குப் போன் போகவில்லை. அப்புறமும் போகவில்லை. அம்மா கலசத்தின் முன் விளக்கு வைத்துவிட்டுப் படுக்கவே இல்லை.

29 செப்டம்பர், வியாழன்

போன் இல்லை. சானிபல் தீவுக்குப் போகும் ஒரே பாலச்சாலை பல இடங்களில் அறுந்து கிடக்கிறது. ஃபோர்ட் மையர்ஸ் கடற்கரைப் படங்களை மகன் பார்க்காமல் திருப்பி வைத்தேன்.

1 அக்டோபர், சனி

வழியெங்கும் சாய்ந்த கம்பம். எங்கள் தெருவில் ஒரு படகு, புல்வெளியில், ஒருக்களித்து.

அவர் உயிரோடு இருக்கிறார். சமையல் மேடைமேல் பூனையை மடியில் வைத்துக்கொண்டு ஒன்பது மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். தண்ணீர் மேடைக்கு ஒரு சாண் கீழே நின்றிருக்கிறது. அவர் வீடு எங்களுடையதைவிடத் தாழ்வு. என்னைப் பார்த்ததும் எதுவும் பேசவில்லை, கையைப் பிடித்துக்கொண்டார். அம்மா ஃப்ளாஸ்கிலிருந்த காபியை ஊற்றிக் கொடுத்தாள்.

எங்கள் வீட்டுக்குள் 14 அங்குலம். ஷட்டர் ஒன்றுகூட அசையவில்லை, கூரை முழுசாக நிற்கிறது, கராஜ் கதவும். தண்ணீர் கதவடியில் சத்தமில்லாமல் வந்திருக்கிறது. மணல் மூட்டைகள் அங்கேயே இருக்கின்றன. தரையெல்லாம் சாம்பல் நிறச் சேறு, டீசல் நாற்றம். ஏற்றி வைத்தது அத்தனையும் பிழைத்தது. காசு டம்ளரின் அடியில் கிடந்தது.

2 அக்டோபர், ஞாயிறு

சுவரின் உள்பக்கம் பொருத்தியிருக்கும் அட்டையை இரண்டடி உயரத்துக்கு அறுத்து வெளியே போடுகிறோம். உள்ளே ஈரம் தங்கினால் பூஞ்சணம் மேலே ஏறிவிடும். அறுக்கும் முன் தண்ணீர்க் கோட்டை டேப் வைத்துப் படம் எடுத்தேன், காப்பீட்டுக்கு. கையுறை, முகமூடி இல்லாமல் யாரும் உள்ளே வரக் கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறேன். எதிர்வீட்டிலும் அறுக்க வேண்டும். அவரிடம் வெள்ளக் காப்பீடு இல்லை. அவரும் நானும் நாளை அங்கே தொடங்குகிறோம்.

அலமாரித் தலையிலேயே கொலு இருக்கிறது. அம்மா ஸ்டூல்மேல் ஏறி விளக்கேற்றினாள். கேஸ் அடுப்பில் கொண்டைக்கடலைச் சுண்டல்.

மகன் வெளிச்சுவரில், கான்கிரீட்டில், தண்ணீர் நின்ற இடத்தில் ஆணியால் கோடு கீறித் தேதி போட்டிருக்கிறான். பெயின்ட் அடிக்கும்போது அதை விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன்.