கொடிமலை ரயில் பெட்டி: வியூவைத் திருப்பினால் டேட்டம் எங்கே போகிறது?

பினாங்கு கொடிமலையின் பழைய ரயில் பெட்டியைச் சிறிய மாதிரியாகச் செய்யத் தொடங்கி நான்கு மாதம் ஆகிறது. 1923-இல் ஓடத் தொடங்கிய பாதை அது. 2010 வரை பாதி மலையில் இறங்கி இன்னொரு பெட்டிக்கு மாற வேண்டும். முருகன் கோயிலுக்கு என்னைத் தூக்கிக்கொண்டு போன கதையை அம்மா சொல்லும்போதெல்லாம் அந்த மாறுதலும் கூடவே வரும். இப்போது ஓடும் பெட்டி வசதியானதுதான். எனக்கு வேண்டியது பழைய மரப்பெட்டி.

தண்டவாளத்தின் அகலம் நிஜத்தில் 1,000 மில்லிமீட்டர். கடையில் கிடைக்கும் 45 மில்லிமீட்டர் மாதிரித் தண்டவாளத்துக்கு 1:22.5 அளவு பொருந்தும் என்பதால் அதையே எடுத்துக்கொண்டேன். அடிச்சட்டத்தை, பிறை ஊரில் பட்டறை வைத்திருக்கும் மாமா பித்தளையில் மில்லிங் செய்து, அதாவது மெஷினில் செதுக்கித் தருவதாகச் சொன்னார். "சரியா டிராயிங் கொண்டு வா, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார். வகுப்பில் பழகிய கிரியோ 3.0 என்ற கணினி வரைவு மென்பொருளில் மாடலை முடித்து, ஏ3 தாளில் டிராயிங் போட்டேன். சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

இந்தப் பெட்டியில் இரண்டு 'தரை' உண்டு. அடிச்சட்டம் தண்டவாளத்தோடு சாய்ந்திருக்கும். ஆட்கள் நிற்கும் தளமோ படிப்படியாக, மட்டமாக இருக்கும். என் மாதிரிக்கு இரண்டுக்கும் நடுவில் 25 டிகிரி வைத்தேன். அளவுகளுக்கு ஆதாரமாக வைத்துக்கொள்ளும் தளத்தை டேட்டம் என்போம். சட்டத்தின் அடிப்பக்கம் டேட்டம் ஏ, நிற்கும் தளம் டேட்டம் பி, பெட்டியை நீளவாக்கில் இரண்டாகப் பிரிக்கும் நடுத்தளம் சி.

முதல் பிரதியைப் பார்த்ததும் மாமா முகம் சுளித்தார். கணினியில் மாடலைக் கட்டுவதற்காக நான் போட்டுவைத்த துணைத் தளங்களின் பெயர்கள் எல்லா வியூவிலும், அதாவது ஒவ்வொரு கோணத்திலிருந்தும் வரைந்த படத்திலும், கிடந்தன. அளவு எது, தளம் எது என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து, எல்லாத் தளங்களையும் வாரிக்கொள்ளும் டெம்ப்ளேட் லேயரை (லேயர் என்பது ஒன்றாகக் காட்டவோ மறைக்கவோ கூடிய தொகுப்பு) மொத்தமாக மறைத்தேன். தாள் சுத்தமாகிவிட்டது. ஆனால் ஏ-யும் பி-யும் கூடவே போய்விட்டன. 'ஏ-க்கு இணையாக 0.05' என்று, எவ்வளவு பிசகலாம் என்பதைச் சொல்லும் கட்டம் மட்டும் நிற்கிறது, ஏ எங்கே என்று தாளில் இல்லை. அப்படி ஒரு டிராயிங்கை மில்லிங் மெஷின் முன்னால் நிற்பவரிடம் கொடுப்பது தவறு.

அப்புறம் மூன்று லேயர் தனித்தனியாகப் போட்டேன்: துணைத் தளங்களுக்கு ஒன்று, ஏ-க்கு ஒன்று, பி-க்கு ஒன்று. டிராயிங்கில் லேயர் பட்டியலைத் திறந்து, மொத்த டிராயிங்குக்குப் பதிலாக ஒரு வியூவை மட்டும் தேர்ந்துகொண்டு அதில் லேயரை மறைக்க முடியும். இது தெரிந்ததும் பெரிய நிம்மதி. பக்கவாட்டு வியூவில் ஏ, பி இரண்டும் வேண்டும். மில்லிங்குக்கான வியூவில் ஏ மட்டும் போதும். மறுநாள் திறந்தால் மறைத்ததெல்லாம் திரும்பி வந்திருந்தது. கோப்பைச் சேமித்தால் போதாது, லேயர் நிலையையும் 'சேவ் ஸ்டேட்டஸ்' கொடுத்துத் தனியாகச் சேமிக்க வேண்டும். மூன்று தடவை மறைத்த பிறகுதான் இது பிடிபட்டது.

இனி திருப்புவது. மில்லிங் வைஸில், அதாவது கட்டையை இறுக்கிப் பிடிக்கும் பிடியில், சட்டம் மட்டமாகத்தான் உட்காரும், ஆகவே அதற்கான வியூவை 25 டிகிரி திருப்ப வேண்டும். தாய் வியூவைத் திருப்பினால் அதிலிருந்து இழுத்த மேல் வியூவும் கூடவே மாறிவிடுகிறது என்பதால், இதை வேறெந்த வியூவையும் சாராத தனிப் பொது வியூவாகப் போட்டேன். வியூவின் பண்புகளில் கோணம் கொடுக்கும் இடத்தில் 'நார்மல்' என்று தேர்ந்தால் தாளுக்குள்ளேயே சுழலும். ஏ மட்டமாக வந்து படுத்தது. ஏ என்ற எழுத்துப் பெட்டி ஓர் அளவுக்கோட்டின் மேல் வந்து உட்கார்ந்ததால் அதை மட்டும் இழுத்து வைத்தேன்.

அடுத்து, படிக்குப் பின்னால் இருக்கும் தாங்கியைக் காட்ட இன்னொரு வியூ. இந்தத் தடவை 'வெர்ட்டிகல்' என்று தேர்ந்து 30 டிகிரி கொடுத்தேன். பி இருந்தது, ஏ இல்லை. லேயர் திறந்துதான் இருக்கிறது. சேவ் ஸ்டேட்டஸ் கொடுத்தாயிற்று. இரண்டு இரவு லேயர்களையே கிண்டிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை பட்டறைக்குப் போய்ச் சொன்னேன். மாமா எஃகு ஸ்கேலை எடுத்துக் கண்ணுக்கு நேரே, விளிம்பு தெரிகிற மாதிரி, சாய்த்துப் பிடித்தார். ஒரு கோடு. தாளில் சுழற்றுவதுபோல வலப்பக்கம் சாய்த்தார். அப்போதும் கோடுதான். பிறகு கதவு திறப்பதுபோலத் திருப்பினார். ஸ்கேலின் முகம் தெரிந்தது. "இப்ப எதைக் கோடுன்னு சொல்லுவ?" என்றார்.

அதுதான் விஷயம். டேட்டமாகக் குறித்த தளம், திரைக்குச் செங்குத்தாக, விளிம்பு மட்டும் தெரியும்படி நிற்கும் வியூவில்தான் காட்டப்படும். நார்மலாகச் சுழற்றும்போது விளிம்பு விளிம்பாகவே இருக்கிறது. வெர்ட்டிகலாக, அந்தக் கதவைப் போலத் திருப்பும்போது மட்டமான பி-க்கு ஒன்றும் ஆகாது, சாய்ந்த ஏ தன் முகத்தைக் காட்டிவிடும், அதனால் மறையும். லேயர் 'காட்டலாம்' என்று அனுமதிக்கிறது, அவ்வளவுதான். காட்ட முடியுமா என்பதை வியூவின் கோணம் தீர்மானிக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்ததால்தான் எனக்கு இரண்டு இரவு போயிற்று.

வெர்ட்டிகலை விட்டுவிட்டு 'எட்ஜ்' என்பதைத் தேர்ந்து, ஏ-க்குச் செங்குத்தாக நிற்கும் ஒரு விளிம்பைச் சுற்றி அதே 30 டிகிரி திருப்பிப் பார்த்தேன். ஏ கோடாகவே நின்றது, இப்போது பி காணாமல் போனது. தாங்கி சட்டத்தில்தான் பொருந்துகிறது, ஆகவே எனக்கு வேண்டியது இந்த வியூதான்.

போகிற போக்கில் ஒன்று. எழுத்தின் இரு பக்கமும் சிறு கோடு போட்ட பெட்டியாக டேட்டம் வந்திருந்தது. டிராயிங்குக்கான 1982 அமெரிக்கத் தரத்தின் முறை அது. 1994 பதிப்பில் முக்கோணத்துக்கு மாறிவிட்டார்கள். மாமாவுக்கு இரண்டும் பழக்கம். இருந்தாலும் டிராயிங் அமைப்பில் சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ முறைக்கு மாற்றிவிட்டேன்.

நேற்று நான்காவது பிரதியைக் கொடுத்தேன். மாமா ஏ-யின் கோட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் பித்தளைக் கட்டையை வைஸில் வைத்தார். அடிப்பக்கம் முடிந்தது. தாங்கிக்கான துளைகள் அடுத்த சனிக்கிழமை.