அப்புவின் இடியன்

இன்று வளவைத் துப்புரவாக்கும்போது கோடிப்புறத்தில் ஒரு இரும்புக் கம்பி கிடைத்தது. துருவேறி, நடுவில் கொஞ்சம் வளைந்திருந்தது. கண்டதுமே தெரிந்துவிட்டது. அப்புவின் இடியன் துவக்கில், அதாவது வாய்ப்பக்கத்தால் மருந்து நிரப்பிச் சுடுகிற பழைய துப்பாக்கியில், மருந்து இடிக்கிற கம்பி.

அந்தத் துவக்கை அப்பு பிள்ளை மாதிரி வைத்திருந்தார். மாரியில் குழலுக்குத் தேங்காயெண்ணெய் பூசி, பழைய சாரத்தில் சுற்றி வைப்பார். வேறு ஒருவரும் தொட முடியாது. வெடிமருந்தைக் குழல் வாயால் கொட்டி, தென்னந்தும்பு வைத்து இடித்து, பிறகு சன்னம் என்கிற சின்னக் குண்டுகள், திரும்பவும் தும்பு, கடைசியாக மருந்தைப் பற்றவைக்கிற கேப்பு. அவ்வளவும் ஒரே ஒரு வெடிக்கு! தவறினால் மான் அடுத்த குளம் தாண்டியிருக்கும்.

ஆனி, ஆடியில் பாலை மரம் பழுக்கும். முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் பக்கக் காட்டில் உதிர்ந்த பழம் தின்ன மான் வரும். ஒருமுறை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எங்கள் வாடை மானுக்குப் போகாதபடி காற்றைப் பார்த்துத்தான் மரத்தில் ஏறினோம். பாலைப்பழம் தின்று என் உதடெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. நிலவில் ஒரு புள்ளிமான் வந்து நின்றது. அப்பு துவக்கை நிமிர்த்தினார். பிறகு மெல்ல இறக்கினார்.

"பின்னால குட்டி நிக்குது, தம்பி."

எனக்கு அந்தக் குட்டி தெரியவே இல்லை. அவருக்கு அப்போது எழுபது வயது தாண்டியிருந்தது.

இப்போது மான் வேட்டை சட்டப்படி குற்றம். அது சரிதான், இருக்கிற மான்களாவது மிஞ்சட்டும். துவக்கு 2008 யுத்த இடம்பெயர்வோடு போய்விட்டது, அதற்குப் பிறகு அப்புவும் அதிக காலம் இருக்கவில்லை.

கம்பியை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டிருக்கிறேன்.