குப்பைக்கு ஒரு மந்திரி, தண்ணிக்கு ஒரு மந்திரி

ஏப்ரல் கடைசியில் முழுப் பரீட்சை முடிந்த அன்றைக்கே எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் ஒரே கவசமும் கழன்று விழுந்துவிடும். மற்ற மாதங்களில் "கண்ணு, இந்தத் துணியை மடிச்சு வை" என்று நான் வாயைத் திறந்தால் போதும், அதுவரை டிவிக்கு முன்னால் குப்புறக் கிடந்த மகளுக்குச் சமூக அறிவியல் ஞாபகம் வந்துவிடும். "நாளைக்கு டெஸ்ட்டும்மா." அவ்வளவுதான், ஆட்டம் குளோஸ். படிக்கிற பிள்ளையிடம் வேலை சொல்கிற தாயைவிடப் பெரிய பாவி நம் ஊரில் கிடையாது. உள்ளறையில் இருந்தபடியே மாமியார் தீர்ப்புச் சொல்லிவிடுவார்: "படிக்கிற புள்ளைய ஏம்மா தொந்தரவு பண்ணறே? கொண்டா, நான் மடிக்கறேன்." அவருக்கு மூட்டு வலி. ஆக, நான்தான் மடிப்பேன்.

மே மாதம் அப்படியில்லை. டெஸ்ட் இல்லை, டியூசன் இல்லை. எட்டாவது முடித்த மகள் சோபாவின் ஒரு மூலையில், ஐந்தாவது முடித்த மகன் இன்னொரு மூலையில். வெளியே அக்னி நட்சத்திரம் கொளுத்துகிறது, எங்கேயும் தப்பி ஓடவும் முடியாது. இந்த லீவிலேயே ரெண்டு பேரையும் வேலைக்குப் பழக்கிவிடுவது என்று இடுப்பில் முந்தானையைச் சொருகிக்கொண்டு இறங்கினேன்.

முதலில் சின்ன வெங்காயம். கோயமுத்தூர்ப் பக்கம் சின்ன வெங்காயம் இல்லாமல் அடுப்பே பற்றாது. தண்ணீரில் ஊறப்போட்டு, தோல் இளகின பிறகு ஆளுக்கொரு முறத்தில் கொட்டி, உரிக்கச் சொல்லி உட்கார வைத்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால் மகன் ஒரே ஒரு வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தீபம் பார்ப்பவர் மாதிரி உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"என்றா?"

"அம்மா, எது வரைக்கும் தோலு? எதுல இருந்து வெங்காயம்?"

வேதாந்தக் கேள்வி. பதில் சொல்ல எனக்கு நேரமில்லை, குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது. அவனே பதில் கண்டுபிடிக்க முயன்றிருக்கிறான்: வெளித்தோல் போனதும் ஊதா நிறத்தில் ஒன்று, அதையும் உரித்தால் வெளுப்பாய் ஒன்று, அதற்குள்ளும் ஒன்று. கடைசியில் கட்டை விரல் நகத்தளவு ஒரு முளைக்குருத்து மிஞ்சியது. அதைத்தான் தட்டில் வைத்திருந்தான். மகளோ தோலெல்லாம் ஒழுங்காகத்தான் உரித்தாள்; ஆனால் தலையையும் வாலையும் வெட்டச் சொன்னதில் தலை முக்கால், வால் கால் என்று வெட்டிவிட்டதால் நடுவில் ஒன்றும் மிச்சமில்லை. அன்றைக்கு வெங்காய சாம்பாராக வரவேண்டியது வெறும் பருப்பாக இலைக்கு வந்தது.

இவர் ஸ்பின்னிங் மில்லில் சூப்பர்வைசர். வீட்டு விவகாரம் எதுவானாலும் மில் மூளையோடுதான் யோசிப்பார். "உனக்கு ஆள் மேய்க்கத் தெரியல" என்று என்னை ஒதுக்கிவிட்டு, கோடு போட்ட நோட்டில் ஷிப்ட் லிஸ்ட் எழுதினார். காலை ஷிப்ட் வாசல் பெருக்குதல், பகல் ஷிப்ட் பாத்திரம் எடுத்து வைத்தல், மாலை ஷிப்ட் துணி எடுத்தல். பெயருக்கு நேரே கையெழுத்துப் போட இடம் வேறு. மகன் அதை வாங்கி முழுவதும் படித்துவிட்டு, "வாரத்துல எந்த நாள் லீவுப்பா?" என்றான். இவர் ஞாயிறு என்றார். "ஓவர் டைம் பாத்தா டபுள் கூலியா?" இவர் முழித்தார். "தீபாவளிக்கு போனஸ் 8.33 பர்சென்ட்டா, 20 பர்சென்ட்டா?"

வருஷா வருஷம் தீபாவளிக்கு முன்னால் இந்த இரண்டு எண்களையும் சொல்லி அப்பா போனில் புலம்புவதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, வேறெப்படிக் கேட்கும்? சட்டப்படி குறைந்தபட்சம் 8.33, அதிகபட்சம் 20 என்பது எங்கள் வீட்டில் நாய்க்குட்டிக்குக்கூடத் தெரியும். நிர்வாகத்துக்கும் தொழிலாளர் தரப்புக்கும் பேச்சுவார்த்தை முறிந்தது. அந்த நோட்டில் இப்போது பால் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பக்கத்து வீட்டில் ஒரு டீச்சரம்மா இருக்கிறார், மழலையர் பள்ளியில் இருந்து ஓய்வு பெற்றவர். மதில் மேல் கையை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மாண்டிசோரி அம்மா என்ன சொல்லியிருக்காங்கன்னா" என்று ஆரம்பித்தார். இத்தாலிக்காரரான மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். போர் வந்து மாட்டிக்கொண்டதில் 1946 வரை இந்தியாவிலேயே இருக்க வேண்டியதாகிவிட்டது. அவர் முறையில் பெருக்குவதும் துடைப்பதும், ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்குச் சிந்தாமல் தண்ணீர் ஊற்றுவதும் பாடமே. குழந்தையின் கைக்கு அடக்கமாகச் சின்னத் துடைப்பம்கூட உண்டாம்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது மூன்று வயதுப் பிள்ளைகளுக்கான சங்கதி. மூன்று வயதில் என் பிள்ளைகளும் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு வீடெல்லாம் ஓடினவர்கள்தான். அப்போது பிடுங்கி வைக்கப் படாத பாடு பட்டேன், இப்போது கையில் திணிக்கப் படுகிறேன். "அதுக்கில்லைம்மா, வேலையைக் குடுத்தா முழுசாக் குடுத்துடணும். நடுவுல போய் நொட்டை சொல்லக் கூடாது. இது உன் பொறுப்பு, நீதான் அதிகாரின்னு விட்டுரணும்" என்றார் டீச்சரம்மா. அந்த 'அதிகாரி'தான் எனக்குப் பிடித்தது.

அன்று சாயந்திரமே இலாகா ஒதுக்கினேன். மகனுக்குக் குப்பை, மகளுக்கு நல்ல தண்ணி. ரெண்டிலும் அவர்கள் வைத்ததே சட்டம், நான் வாயே திறக்க மாட்டேன் என்று மாமியார் தலைமேல் சத்தியம் செய்தேன். மாமியார் சம்மதிக்கவில்லை, ஆனாலும் செய்தேன்.

எங்கள் ஊரில் இரண்டு தண்ணீர். போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணி. குளிக்க, துவைக்க, கழுவ. சிறுவாணி நல்ல தண்ணி, குடிக்கவும் சமைக்கவும். அணை இருப்பது கேரளத்துப் பாலக்காட்டு மலையில், குடிப்பது நாங்கள். உலகத்திலேயே இரண்டாவது ருசியான தண்ணீர் என்று கோவைக்காரர்கள் எல்லோரும் சொல்வோம். முதலாவது எது என்று கேட்டால் ஆளுக்கொரு ஊர் சொல்வோம், அது வேறு விஷயம். அந்தத் தண்ணி சில நாள் இடைவெளி விட்டு, அதுவும் நாம் அசந்து தூங்குகிற நேரம் பார்த்துத்தான் வரும். பள்ளிக்கூடத்துக்கு எழுப்ப மூன்று ஆள் வேண்டிய மகள், இலாகா கைக்கு வந்ததும் குழாயில் காற்று 'புஸ்' என்று கிளம்பும் சத்தத்துக்கே எழுந்து உட்கார்ந்துவிட்டாள். ஓஸை மாட்டி, வெள்ளைத் துணி கட்டி வடிகட்டி, டிரம், குடம், அண்டா எல்லாம் ரொப்பி, மூடி போட்டுவிட்டுத்தான் படுத்தாள். எனக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

மறுநாள் காலையில் அந்த நீர் வற்றிவிட்டது. டிரம் மூடிமேல் ஒரு சீட்டு: 'கேட்காமல் எடுக்கக் கூடாது.' காபிக்குத் தண்ணீர் மொள்ளப் போனால், "எத்தனை டம்ளருக்கும்மா?" என்று கேள்வி. அப்பா வண்டியைக் கழுவ நைசாக ஒரு வாளி நல்ல தண்ணியைத் தூக்கிக்கொண்டு போனதைப் பின்னாலேயே போய்ப் பிடித்துவிட்டாள். "வண்டி குடிக்குதாப்பா?" என்று தெருவே கேட்கக் கேட்டாள். இவர் மில்லில் ஒரு ஷிப்டு ஆட்களை அதட்டுகிற மனுஷன். பேசாமல் வாளியைக் கொண்டுவந்து டிரம்மில் திரும்ப ஊற்றப் பார்த்தார். "வாளி உள்ள கழுவினதாப்பா?" அதற்கும் அனுமதி கிடைக்கவில்லை, கறிவேப்பிலைச் செடிக்குப் போயிற்று.

மகன் விஷயத்துக்கு வருகிறேன். 2016-ஆம் வருஷத்துத் திடக்கழிவு விதி வீட்டிலேயே குப்பையை மூன்றாகப் பிரிக்கச் சொன்னது: மக்குவது, மக்காதது, பல்பு, பேட்டரி, காலாவதி மாத்திரை மாதிரியான ஆபத்தானது. நாங்கள் அதுவரை 'குப்பை' என்று ஒன்றைத்தான் வைத்திருந்தோம். இவன் பழைய பெயிண்ட் டப்பா மூன்றை எடுத்து, மக்கும், மக்காத, ஆபத்து என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினான். காலையில் வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளர் அக்காவிடம் சந்தேகம் கேட்டுத் தெளிந்துகொண்டான். அதற்குப் பிறகு எங்களில் யாரும் எதையும் நிம்மதியாகத் தூக்கிப் போட்டதில்லை.

பால் பாக்கெட்டில் ஆரம்பித்தது. மூலையை முழுசாக வெட்டக் கூடாதாம். அந்தத் துணுக்கு தனியாகப் போனால் யாரும் பொறுக்க மாட்டார்கள். ஒட்டிக்கொண்டே இருக்கிற மாதிரி கீறி, ஊற்றி, அலசி, கொடியில் கிளிப் போட்டுக் காய வைக்கணும். விருந்தாளி வந்தால் முதலில் கண்ணில் படுவது எங்கள் வீட்டு ஆவின் பாக்கெட் தோரணம்தான். டீத்தூள் பையில் ஸ்டேப்ளர் பின் இருந்தால் அதைக் கழற்றி மக்காததில், தூள் மக்குவதில். ஒரு டீக்கு இவ்வளவு வேலையா என்று இவர் காபிக்கு மாறிவிட்டார்.

உச்சக்கட்டம் மாமியாரின் பூ. தினமும் வாசலில் மல்லிகைச் சரம் வாங்கிச் சாமிக்கு வைப்பார், மறுநாள் வாடினது குப்பைக்கு. இவன் அந்த வாடின சரத்தைப் பிடித்துத் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டி, "அப்பத்தா, இது நாரா, நூலா?" என்றான்.

"பூவுடா சாமி."

"பூவு மக்கும். கட்டினது எதுல? வாழைநாருன்னா அப்படியே போடலாம். இது நூலு, மக்க வெகு நாளாகும். பிரிச்சுக் குடு."

எழுபது வயது மனுஷி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நேற்றைய பூவை ஒவ்வொன்றாக முடிச்சிலிருந்து பிரித்தார். ரெண்டு நாள் பிரித்துப் பார்த்தார். அப்புறம் இத்தனை வருஷமாகப் பூக் கொடுத்த அம்மாவை விட்டுவிட்டு, ரெண்டு தெரு தள்ளி நாரில் கட்டி விற்கிறவரிடம் வாடிக்கை மாற்றிக்கொண்டார். பழைய பூக்கார அம்மா இப்போது என்னோடு பேசுவதில்லை. என் மகன்தான் காரணம் என்று சொன்னால் நம்பவா போகிறார்?

ரெண்டு மந்திரிகளுக்கும் முட்டிக்கொண்டது பாக்கெட் அலசுகிற தண்ணீரில். இவன் ஒரு செம்பு நல்ல தண்ணி கேட்டான், அவள் சொட்டுக்கூடத் தரமாட்டேன் என்றாள். உப்புத் தண்ணியில் அலசினால் வெள்ளை வெள்ளையாகப் படிகிறதாம் இவனுக்கு. குப்பைக்கு எதற்கடா மேக்கப் என்று அவள் கேட்க, பதிலுக்கு அவள் தலையிலிருந்து உதிர்ந்து தரையில் கிடந்த முடியை எடுத்து, இது எந்த டப்பா என்று ஊர் முழுக்க விசாரித்தான் இவன். சத்தியம் நினைவுக்கு வந்ததால் நான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். கடைசியில் மாமியார்தான் அரிசி களைந்த தண்ணியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். பாக்கெட் அதில் அலசப்படும், பிறகு அதே தண்ணி செடிக்கு. மாநிலங்களுக்கு இடையிலான நதிநீர்ப் பிரச்சினைக்கெல்லாம் இவரைக் கூப்பிடலாம்.

இத்தனைக்கும் நடுவில் துணி மடிக்கிற இலாகாவை மட்டும் யாரும் சீந்தவில்லை. அதில் அதிகாரமே இல்லையே. யாரை அதட்டுவது, சட்டையையா? நாற்காலியில் மலையாகக் கிடந்தது. 2024-இல் எடுத்த நேரப் பயன்பாட்டு சர்வே ஒன்றை இவருக்கு வாசித்துக் காட்டினேன்: கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபடுகிற பெண்கள் நாளொன்றுக்கு அதற்குச் செலவிடுவது சராசரி 289 நிமிஷம், ஆண்கள் 88.

"எண்பத்தெட்டா? எந்த ஊர்ல?" என்றார் இவர், நிஜமான அதிர்ச்சியோடு.

"வேலை செய்யற ஆம்பளைங்க கணக்கு மட்டுந்தானுங்க அது. செய்யாதவங்களைச் சேர்க்கவே இல்ல."

மகள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அப்போ இப்ப ஆரம்பிச்சா, எட்டரைக்கு முடிச்சிரலாம்ப்பா" என்றாள். மந்திரி சொன்னால் மறுபேச்சு உண்டா? இவர் மடிக்கிறார். வேட்டியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கர்சீப் மாதிரியே மடிக்கிறார், ஆனால் மடிக்கிறார்.

போன வாரம் பொள்ளாச்சியில் இருந்து நாத்தனார் வந்திருந்தார். வருகிறபோது மாம்பழம், முறுக்கு, பிள்ளைகளுக்கு ஏதோ பொம்மை என்று எல்லாவற்றையும் பளபளவென்று பிளாஸ்டிக் கேரி பேக்கில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். மகன் வாசலிலேயே நின்று பார்த்தான். வாயைத் திறக்கவில்லை. நல்ல பிள்ளையாக மாம்பழத்தைத் தின்றான், தோலை மக்கும் டப்பாவில் போட்டான், கொட்டையை அலசித் தனியே வைத்தான். நாத்தனாருக்கு வாயெல்லாம் பல். "பரவால்லியே அண்ணி, புள்ளைகளை என்னமா பழக்கி வெச்சிருக்கறீங்க! எங்கூட்ல சொம்பை நகத்தி வெக்க ஆளில்ல." நான் அடக்கமாகச் சிரித்து வைத்தேன்.

சாயந்திரம் பஸ்ஸுக்குக் கிளம்பினார். கையில் ஒரு மஞ்சப்பையைக் கொண்டுவந்து நீட்டினான் மகன். ஏதோ பலகாரம் கட்டிக் கொடுத்திருக்கிறோம் என்று நினைத்து, "எதுக்கு சாமி இதெல்லாம்" என்றபடி பிரித்துப் பார்த்தார். உள்ளே அவர் கொண்டுவந்த கேரி பேக் எல்லாம் நான்காக மடித்து, ரப்பர் பேண்ட் போட்டு இருந்தது.

"2019 ஜனவரியில இருந்து தடை அத்தை. பால் பாக்கெட் மாதிரி சிலதுக்குத்தான் விலக்கு, இதுக்கில்ல. நம்மூட்டுக் கணக்குல சேத்திக்க முடியாது. உங்கூர்லயே குடுத்துருங்க. மஞ்சப்பைய அடுத்த தடவை வாரப்பத் திருப்பிக் கொண்டாந்துருங்க, எண்ணி வெச்சிருக்கேன்."

நாத்தனார் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். இவர் மடித்துக்கொண்டிருந்த துண்டைப் பார்த்தார். திண்ணையில் இருந்து மாமியார் குரல் வந்தது:

"வாங்கிக்க அம்மிணி, பேசாத வாங்கிக்க. அப்படியே உன்ற தலையில இருக்கற பூவு நாரா, நூலான்னு அவன் பாக்கறதுக்குள்ள பஸ் ஏறிரு."