சம்பளக் கணக்குக்கு ஒரு சேர்வர்: இரட்டைச் சியோனா, ஒற்றை எபிக்கா?

தோட்டத் தொழிலாளர்களின் சம்பளக் கணக்கைச் செய்யும் சேர்வர் மாதத்தின் பெரும்பாலான நாட்களில் அதிக வேலையின்றியே இருக்கும். கொழுந்து நிறுக்கும் மடுவங்களிலிருந்து வரும் நிறைகளையும், யாருக்கு முழுப் பேர் (முழு நாள் சம்பளம்), யாருக்கு அரைப் பேர் (அரை நாள் சம்பளம்) என்ற பதிவுகளையும் வாங்கி வைப்பதற்குப் பெரிய வலு எதுவும் தேவையில்லை. மாதம் முடிந்ததும் நிலைமை மாறிவிடும். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் 8 சதவீதம், தொழில்தருநரின் 12 சதவீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம், முற்பணம், கடன் கழிவுகள், மேலதிகக் கொழுந்துக்கான கொடுப்பனவு என ஒவ்வொரு பெயருக்கும் கணக்கிட்டு, சரிபார்த்து, சம்பளச் சிட்டை அச்சிட்டு, பத்தாம் திகதிக்கு முன் கொடுத்தாக வேண்டும். அந்த நாட்களில் சேர்வர் நின்றுவிட்டால் கடைக் கடனையும் பிள்ளைகளின் பாடசாலைச் செலவையும் அந்தச் சம்பளத்தை நம்பித் தள்ளி வைத்திருக்கும் குடும்பங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். ஹட்டனில் உள்ள எங்கள் சிறிய காரியாலயத்துக்கு எந்தச் சேர்வரை வாங்குவது என்பதை நான் இவ்வளவு ஆழமாக ஆராய்ந்ததற்குக் காரணம் அதுதான்.

புதிய சேர்வர் எங்கள் கைக்கு எட்டாது. 2022 இல் ரூபாவின் பெறுமதி சரிந்த பின்னர் டொலரில் விலை குறிக்கப்படும் எந்தப் பொருளும் எங்களைப் போன்ற நிறுவனங்களுக்குப் பெரும் சுமையாகிவிட்டது. ஆகவே வெளிநாட்டுத் தரவு மையங்களிலிருந்து கழிக்கப்பட்டுக் கொழும்புக்கு வந்து சேரும் பழைய சேர்வர்களிலிருந்தே தெரிவு செய்ய வேண்டியிருந்தது. இறுதியில் இரண்டு வழிகள் எஞ்சின. ஒன்று, இரண்டு இன்டெல் சியோன் இ5-2680 வி4 புரொசசர்கள் (கணக்கிடும் மூளைச் சில்லுகள்) பூட்டிய இயந்திரம். மற்றையது, ஒரேயொரு ஏஎம்டி எபிக் 7302பி பூட்டிய இயந்திரம்.

சியோன் இ5-2680 வி4 2016 இல் வெளியானது. அதில் 14 கோர்களும் (தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகள்) 28 த்ரெட்களும் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை இழைகள்) உள்ளன. அடிப்படை வேகம் 2.4 கிகாஹேர்ட்ஸ், உச்ச வேகம் 3.3 கிகாஹேர்ட்ஸ், கேஷ் எனும் உள் நினைவகம் 35 மெகாபைட், முழு வேலையின்போது எழும் வெப்பத்தைக் குறிக்கும் டிடிபி 120 வொட். எபிக் 7302பி 2019 ஓகஸ்ட் மாதம் வெளியானது. அதில் 16 கோர்களும் 32 த்ரெட்களும் உள்ளன. அடிப்படை வேகம் 3.0 கிகாஹேர்ட்ஸ், உச்ச வேகம் அதே 3.3 கிகாஹேர்ட்ஸ், கேஷ் 128 மெகாபைட், டிடிபி 155 வொட். வெளியான காலத்தில் இன்டெல் தன் புரொசசர் ஒன்றுக்குக் குறித்த விலை 1,745 டொலர். மூன்று ஆண்டுகள் கழித்து வந்த எபிக்குக்கு ஏஎம்டி குறித்த விலை 825 டொலர். பழைய பொருட் சந்தையில் இந்த வரிசை தலைகீழாகிவிட்டது. ரேம், பெட்டி எல்லாம் சேர்ந்த இரட்டைச் சியோன் சேர்வர், எபிக்கும் அதற்கான மதர்போர்டும் மட்டும் கேட்கும் தொகைக்குக் குறைவாகவே கிடைக்கிறது. இந்த விலை வித்தியாசத்தைப் பார்த்தவுடனேயே முடிவெடுத்துவிடுபவர்கள் பலர். நான் அந்த வித்தியாசத்தைச் சில ஆண்டுகளின் செலவோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

முதலில் வேகம். உச்ச வேகம் இரண்டிலும் 3.3 கிகாஹேர்ட்ஸ் என்பதால் தனிக் கோர் ஒன்றின் ஆற்றலும் ஒன்றே என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு கடிகாரத் துடிப்பில் எபிக்கின் ஸென் 2 வடிவமைப்பு முடிக்கும் வேலை, சியோனின் பிராட்வெல் வடிவமைப்பு முடிக்கும் வேலையை விடக் கூடியது. அத்துடன் எல்லாக் கோர்களும் ஒன்றாக உழைக்கும்போது சியோனின் வேகம் உச்சத்திலிருந்து கணிசமாக இறங்கும். எபிக்கின் அடிப்படை வேகமே 3.0 என்பதால் அங்கே இறக்கம் சிறியது. எங்கள் சம்பள மென்பொருள் ஒரு தோட்டத்தின் கணக்கை ஒரே த்ரெட்டில்தான் ஓட்டுகிறது. பழைய கணக்கு மென்பொருட்களில் பெரும்பாலானவை அப்படித்தான் எழுதப்பட்டுள்ளன. எனவே 28 கோர்கள் இருந்தாலும், ஒரு பெரிய தோட்டத்தின் கணக்கு முடியும் நேரத்தைத் தீர்மானிப்பது தனிக் கோர் ஒன்றின் ஆற்றல். பல தோட்டங்களின் கணக்கை ஒரே நேரத்தில் ஓட்டினால் 28 கோர்கள் உதவும் என்பது உண்மை. ஆனால் எல்லாக் கோர்களையும் முழுமையாக நிரப்பும் வேலை எங்களிடம் மாதத்தில் ஓரிரு இரவுகளுக்கே உண்டு, அந்த இரவுகளிலும் வேகமான 16 கோர்கள் பின்தங்கப் போவதில்லை.

புரொசசர் பூட்டும் இடமான சொக்கெட் இரண்டு இருப்பதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ரேமின் பாதி ஒரு புரொசசருடனும் மற்றப் பாதி மற்றைய புரொசசருடனும் இணைந்திருக்கும். ஆற்றுக்கு அக்கரையில் உள்ள மடுவத்தில் நிறுத்த கொழுந்தை இக்கரைக்குச் சுமந்து வருவது போல, ஒரு புரொசசருக்குத் தேவையான தரவு மற்றையதன் ரேமில் இருந்தால் இடையிலுள்ள இணைப்பைக் கடந்து வர வேண்டும். தரவுத்தளம் பெரிதாகப் பெரிதாக இந்தத் தாமதம் உணரப்படும். ஒரு சியோனுக்கு நான்கு ரேம் சனல்கள் (ரேமுக்கான தரவுப் பாதைகள்), செக்கனுக்கு 76.8 கிகாபைட், எபிக்குக்கு எட்டுச் சனல்கள், செக்கனுக்கு 204.8 கிகாபைட். இரண்டு சியோன்களையும் கூட்டினாலும் ஒற்றை எபிக்கை எட்டவில்லை. எபிக்கிலும் ஒரு குறை உண்டு என்பதைச் சொல்ல வேண்டும். அதன் 128 மெகாபைட் கேஷ் ஒரே துண்டாக இல்லை. இரண்டு கோர்களுக்கு 16 மெகாபைட் என எட்டுத் துண்டுகளாகப் பிரிந்திருக்கிறது. ஒரே தரவைப் பல கோர்கள் பகிர்ந்து பயன்படுத்தும் வேலைகளில் சியோனின் ஒன்றுபட்ட 35 மெகாபைட்டுக்கு ஓரளவு சாதகம் இருக்கும். எங்கள் வேலை அத்தகையது அல்ல.

எஸ்எஸ்டிகளை இணைக்கும் வழிகளில் எபிக்குக்கு 128 பிசிஐஇ 4.0 தடங்களும், ஒவ்வொரு சியோனுக்கும் 40 பிசிஐஇ 3.0 தடங்களும் உள்ளன. சிறிய காரியாலயத்துக்கு இரண்டும் போதும்.

விலையைப் பற்றிப் பேசும்போது பலர் மறப்பது மென்பொருள் உரிமத்தை. விண்டோஸ் சேர்வர் 2016 முதல் கோர்களின் எண்ணிக்கைக்கே உரிமம் வாங்க வேண்டும். ஓர் இயந்திரத்துக்குக் குறைந்தது 16 கோர்கள். எபிக் 7302பி அந்தக் குறைந்தபட்ச அளவில் சரியாக நிற்கிறது. இரட்டைச் சியோனுக்கு, பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும், 28 கோர்களுக்கும் பணம் செலுத்த வேண்டும். இயந்திரத்தில் மிச்சம் பிடித்த தொகையின் பெரும்பகுதி இங்கேயே போய்விடக்கூடும். லினக்ஸில் போஸ்ட்கிரெஸ் என்ற இலவசத் தரவுத்தளத்தை ஓட்டுபவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் எங்கள் வாடிக்கையாளர்களின் மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும்.

அடுத்தது மின்சாரம். லக்ஷபானை நீர்மின் நிலையங்களும் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களும் எங்களுக்குப் பக்கத்தில் இருந்தும் மின்கட்டணம் நாடு முழுவதற்கும் ஒன்றே. அது 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் ஏறிய விதம் ஒவ்வொரு கடைக்காரருக்கும் நினைவிருக்கும். நாள் முழுவதும் ஓடும் இயந்திரத்தில் 100 வொட் வித்தியாசம் என்பது ஆண்டுக்கு 876 அலகுகள். இரண்டு சியோன்களின் டிடிபி கூட்டுத்தொகை 240 வொட், எபிக்கினது 155 வொட். இங்கே நான் மிகைப்படுத்த விரும்பவில்லை. எபிக் ஓய்வில் இருக்கும்போது சிக்கனமானது அன்று. அதன் நடுவில் உள்ள, 14 நானோமீற்றரில் செய்யப்பட்ட உள்ளீட்டு வெளியீட்டுச் சில்லு வேலை இல்லாத நேரத்திலும் கணிசமான மின்சாரத்தை எடுக்கும். ஒற்றைச் சியோன் பூட்டிய இயந்திரத்தோடு ஒப்பிட்டால் மின்கட்டணத்தில் பெரிய இலாபம் தெரியாது. இரண்டு புரொசசர்கள், இரண்டு மின்விசிறித் தொகுதிகள் கொண்ட இயந்திரத்துக்குப் பதிலாக எபிக்கை வைக்கும்போதுதான் சேமிப்பு உண்மையாகிறது.

கட்டணத்தை விட எனக்கு முக்கியமாகப்படுவது மின்வெட்டு. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணிநேரம் வரை மின்சாரம் இல்லாதிருந்த நாட்டில், 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடே ஒரே நேரத்தில் இருண்ட நாட்டில், யூபிஎஸ் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதும் சேர்வரின் தகுதிகளில் ஒன்று. மழைக்காலத்தில் கம்பிகளின் மேல் மரம் சாய்வதால் ஏற்படும் உள்ளூர்த் தடைகள் இவற்றுக்கு மேலதிகம். ஒரே பற்றரியில் குறைந்த வொட்டில் ஓடும் இயந்திரம் நீண்ட நேரம் தாங்கும், ஓடிக்கொண்டிருக்கும் சம்பளக் கணக்கை முடித்து ஒழுங்காக அணைப்பதற்கு அவகாசம் தரும்.

எங்கள் குளிர் இங்கே பெரிய வரம். கொழும்பில் ஏசி இல்லாமல் சேர்வர் அறையை நினைத்துப் பார்க்க முடியாது. இங்கே காற்றோட்டமுள்ள அறை போதும். ஆனால் உயரம் கூடக் கூடக் காற்று ஐதாவதால் மின்விசிறியின் குளிரூட்டும் திறன் குறைகிறது. அதனால்தான் பல சேர்வர்களுக்கு அனுமதிக்கப்படும் அதிகபட்சக் காற்று வெப்பநிலை, 900 மீற்றருக்கு மேல் ஒவ்வொரு 300 மீற்றருக்கும் ஒரு பாகை செல்சியஸ் குறைக்கப்படுகிறது. 35 பாகை வரம்புள்ள இயந்திரம் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஏறக்குறைய 32 பாகைக்கு இறங்கும். அங்கே அத்தகைய வெயில் அடிப்பதில்லை என்பதால் கவலை வேண்டாம். கவனிக்க வேண்டியது ஈரப்பதம். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மூடுபனி அறைக்குள் வரும். ஓடும் சேர்வர் தன் சூட்டினாலேயே உலர்ந்திருக்கும், இரவில் அணைத்து வைத்த சேர்வரில் ஈரம் படியும். மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக இரவில் அணைக்கும் வழக்கத்தை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி ஆயுள். புரொசசர் தானாகக் கெட்டுப்போவது அரிது. மதர்போர்ட்டும் மின்வழங்கியும் மின்விசிறியும்தான் முதலில் போகும். அந்த உதிரிப்பாகங்கள் சியோன் சேர்வர்களுக்குத் தாராளமாகக் கிடைக்கின்றன என்பது அதன் பலம். ஆனால் புரொசசரின் ஆயுளைத் தீர்மானிப்பது பாதுகாப்புத் திருத்தங்களும் கூட. 2018 ஜனவரியில் வெளிப்பட்ட மெல்ட்டவுன் பலவீனம் பிராட்வெல்லைப் பாதித்தது, ஏஎம்டியைப் பாதிக்கவில்லை. அதன் பின் 2018 ஓகஸ்டிலும் 2019 மேயிலும் வெளிப்பட்ட பலவீனங்களுக்குப் பின்னர், ஒரே சேர்வரில் நம்பகமற்ற மெய்நிகர் கணினிகளை (மென்பொருளால் உருவாக்கிய தனிக் கணினிகளை) பகிர்ந்து ஓட்டுபவர்கள், ஒரு கோரில் இரண்டு த்ரெட்களை ஓட்டும் ஹைப்பர் த்ரெடிங்கை நிறுத்துவது பற்றிச் சிந்திக்க வேண்டியதாயிற்று. நிறுத்தினால் ஒவ்வொரு புரொசசரிலும் 28 த்ரெட்கள் 14 ஆகிவிடும். எபிக்கும் குற்றமற்றதன்று. 2023 ஜூலையில் வெளிப்பட்ட ஸென்பிளீட் பலவீனம் ஸென் 2 புரொசசர்கள் அனைத்தையும் பாதித்தது. சேர்வர் வகைக்கு மைக்ரோகோட் (புரொசசரின் உள் மென்பொருள்) திருத்தம் அப்போதே வந்துவிட்டது. எந்தத் தலைமுறைக்கும் திருத்தங்கள் ஒரு நாள் நிற்கும். அந்த வரிசையில் பிராட்வெல் முன்னால் நிற்கிறது.

எபிக் 7002 வகையில் இன்னொரு விநோதமான வழுவும் உண்டு. மீள்தொடக்கம் செய்யாமல் ஏறக்குறைய 1,044 நாட்கள் ஓடினால், ஆழ்ந்த ஓய்வுநிலைக்குச் சென்ற கோர் திரும்பி எழாமல் போகலாம். ஆண்டுக்கு ஒரு முறையாவது திருத்தங்களை நிறுவி மீள்தொடங்குபவர்களுக்கு இது பிரச்சினையே அன்று.

கடைகளில் இதை விட மலிவாகக் காட்டப்படும் இ5 வி2 வகைச் சேர்வர்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். 2025 மே மாதம் வெளியான ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 10 இயங்குதளம், ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பு இல்லாத புரொசசர்களில் ஓடாது. வி2 இல் அது இல்லை. வி4 இலும் எபிக்கிலும் உண்டு.

மேம்படுத்தும் வழியில் வித்தியாசம் பெரிது. இ5 வி4 அதன் சொக்கெட்டின் கடைசித் தலைமுறை; அதற்கு மேல் போக இடமில்லை. எபிக்கின் எஸ்பி3 சொக்கெட்டில் 2021 மார்ச்சில் வெளியான 7003 வகையையும் பூட்டலாம், மதர்போர்டின் பயாஸ் (இயந்திரத்தைத் தொடக்கும் உள் மென்பொருள்) அதை ஏற்குமானால். நாளை தரவு மையங்கள் அவற்றைக் கழிக்கும்போது புரொசசரை மட்டும் வாங்கினால் போதும்.

இவற்றையெல்லாம் வைத்து நான் எபிக்கைத் தெரிவு செய்தேன். விண்டோஸ் உரிமம் தேவைப்படாத, பகலில் மட்டும் மாணவர்கள் பயிலும் கணினிக்கூடம் ஒன்றுக்கு யாரேனும் கேட்டால், ஒற்றைச் சியோன் பூட்டிய சேர்வரையே தயங்காமல் சொல்வேன்.

ஏற்கனவே இரட்டைச் சியோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. இரண்டு புரொசசர்களுக்கும் நான்கு வீதம் பூட்டியிருக்கும் எட்டு டிடிஆர்4 ஆர்டிம் (சேர்வர் வகை) ரேம்களும் எபிக்கின் எட்டுச் சனல்களையும் அப்படியே நிரப்பும். 3200 க்குப் பதிலாக 2400 வேகத்தில்தான் ஓடும். ஆயினும் 2025 இறுதியில் ரேம் விலைகள் உலகெங்கும் ஏறிய பின்னர் அது சிறிய சேமிப்பு அன்று. எபிக்கைத் தனியாக வாங்குவதானால், பணம் கொடுக்கும் முன் அது எந்த நிறுவனத்தின் சேர்வரிலிருந்து கழற்றப்பட்டது என்று கேளுங்கள். சில தயாரிப்பாளர்கள் பாதுகாப்புக்காகப் புரொசசரைத் தங்கள் மதர்போர்டுகளுடன் நிரந்தரமாகப் பிணைத்துவிடுகிறார்கள். அந்தப் பூட்டை எவராலும் அவிழ்க்க முடியாது. வேறு தயாரிப்பாளரின் மதர்போர்டில் அது இயங்கவே இயங்காது. உங்கள் மதர்போர்டிலேயே பூட்டி இயக்கிக் காட்டச் சொல்லுங்கள், முடியாதென்றால் திருப்பி எடுப்பதாக எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.