நார்த்தங்காயும் 404-உம்

அக்காவின் சமையல் தளத்தைப் போன மாதம் வேறு ஹோஸ்டிங்குக்கு மாற்றினேன். பழைய இடத்தில் அடிக்கடி சர்வர் படுத்துக்கொள்ளும். கேட்டால் "உங்க சைட்லதான் பிரச்சினை" என்பார்கள். கூகுளில் நார்த்தங்காய் ஊறுகாய் என்று தேடினால் அக்கா இரண்டாவதாக வருவாள். "அது மட்டும் கீழ போச்சு, வீட்டுப் பக்கம் வராதே" என்று முன்னாலேயே சொல்லிவிட்டாள்.

முகவரி மாறாமல் சர்வர் மட்டும் மாறினால் கூகுள் கண்டுகொள்ளாது. ஒரு வாரம் முன்பே டிடிஎல்லை, அதாவது சர்வரின் ஐபி எண்ணை இணையம் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, 86400 நொடியிலிருந்து 300-க்கு இறக்கிவைத்தேன். ஃபைல், டேட்டாபேஸ், எஸ்எஸ்எல் சான்றிதழ் எல்லாவற்றையும் புது சர்வரில் ஏற்றி, என் லேப்டாப்பின் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் மட்டும் புது ஐபியை எழுதி, எனக்கு மட்டும் புது சர்வர் தெரியும்படி செய்து பார்த்தேன். எல்லாம் சரி. ஞாயிறு ராத்திரி, தளத்தின் பெயரை ஐபியோடு இணைக்கும் ஏ ரெக்கார்டை மாற்றிவிட்டுப் படுத்தேன்.

காலையில் அக்காவிடமிருந்து போன். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் என்றைக்கோ போட்ட லிங்க்கைத் தொட்டால் 404, அதாவது பக்கமே இல்லை.

ஆரம்பத்தில் முகவரிகள் தமிழிலேயே இருந்தன. தளத்தை நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ் ஒரு முகவரிக்குக் கொடுப்பது 200 இடம். ஒரு தமிழ்க் குறியீடு சதவீதக் குறியும் எண்ணுமாக மாறி அதில் 9 இடத்தைத் தின்றுவிடும். அதனால் தலைப்பெல்லாம் பாதியில் அறுந்து நின்றன. 2019-இல் டேட்டாபேஸிலேயே கைவைத்து எல்லாவற்றையும் ஆங்கில எழுத்துக்கு மாற்றி, பழையவற்றுக்கு வருகிறவர்களைப் புதியவற்றுக்குத் திருப்பிவிடும் 301 போட்டேன். அந்த 301 எல்லாம் எச்டிஆக்சஸ் என்ற அமைப்பு ஃபைலில். பழைய இடத்தில் ஓடிய சர்வர் மென்பொருள் அப்பாச்சி, அந்த ஃபைலைப் படிக்கும். புது இடத்தில் என்ஜினெக்ஸ், அந்த ஃபைலைத் திரும்பிக்கூடப் பார்க்காது. நான் சோதித்ததோ இன்றைய முகவரிகளை மட்டும். மற்ற தளங்கள் அந்தக் காலத்தில் கொடுத்த லிங்க் அத்தனையும் பழைய முகவரிக்குத்தான் போகின்றன. அக்காவின் இரண்டாம் இடத்தில் அவற்றுக்கும் பங்குண்டு.

உட்கார்ந்து 83 வரிகளை என்ஜினெக்ஸ் மேப்பில், எது எங்கே போக வேண்டும் என்ற பட்டியலில், எழுதினேன். பிரவுசரிலிருந்து காப்பி எடுத்தால் சதவீதக் குறியும் எண்ணுமாக வந்து விழுந்தது, ஒன்றுகூடப் பொருந்தவில்லை. என்ஜினெக்ஸ் முகவரியைத் தமிழாக அவிழ்த்த பிறகுதான் ஒப்பிடுகிறது என்பது உறைக்கவே ஒரு மணி நேரம். தமிழிலேயே தட்டினேன், 301 வந்தது.

தளக்காரர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில் பார்த்தால், பக்கங்களைப் படித்துப்போக வரும் கூகுள்பாட்டின் வரத்து இரண்டு நாள் சரிந்து, பிறகு ஏறியது. அது வழக்கம்தான். பழைய சர்வரை இன்னும் நிறுத்தவில்லை. வந்தவர்களைப் பதியும் அதன் லாகில் ஆள் நடமாட்டம் நின்ற பிறகுதான் கணக்கை முடிக்க வேண்டும்.

அக்கா இப்போதும் இரண்டாவதுதான். முதலிடத்தில் இருப்பவர் ஊறுகாயில் சர்க்கரை போடுகிறவர். அதற்கும் ஹோஸ்டிங்குக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அக்கா கேட்பதாக இல்லை.