4 அயர்னை எடுத்துவிட்டேன், 6 அயர்னில் மாட்டிக்கொண்டேன்

எனக்கு 63 வயது, கோல்ஃப் ஆடுகிறேன். ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண், குறையக் குறைய நல்லது) ஒரு காலத்தில் 11, இப்போது 17. அதிகத் தூரம் அடிக்கும் டிரைவர் கிளப்பை நான் சுற்றும் வேகம் மணிக்கு 84 மைல், அதுவும் உடம்பு நன்றாகச் சூடான பிறகு. கீழே வரும் எண்கள் எந்த மாதிரி ஆளுடையவை என்று தெரிந்தால்தான் படிப்பவருக்குப் பயன், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மணிக்கு 100 மைலுக்கு மேல் சுற்றுகிறவர்களுக்கு இதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

ஆரம்பித்தது ஒரு பார் 3-இல், அதாவது மூன்று அடியில் முடிக்க வேண்டிய குழியில். தண்ணீரைத் தாண்டி அக்கரை சேரப் பந்து காற்றிலேயே 148 யார்டு போக வேண்டும், வருஷக்கணக்காக 5 அயர்ன் (இரும்புத் தலைக் கிளப், எண் குறையக் குறையத் தூரம் கூட வேண்டும்) எடுக்கும் இடம். அன்றும் அதையே எடுத்தேன், நன்றாகவே பட்டது, கையில் அந்த மெத்தென்ற உணர்வு கூட வந்தது, திரும்பிப் பார்த்துச் சிரிக்கவும் செய்தேன். பந்து கரைக்கு நாலு அடி முன்னால் தண்ணீரில் விழுந்தது. மோசமாக அடித்துத் தண்ணீரில் போட்டால் மறந்துவிடுவேன், அது எனக்குப் பழகிய விஷயம். நன்றாக அடித்தும் போனதுதான் உறுத்தியது.

அந்த வாரமே பயிற்சித் திடலில் லாஞ்ச் மானிட்டர் (பந்து போகும் விதத்தை அளக்கும் கருவி) முன்னால் நின்றேன். ஒவ்வொரு கிளப்பிலும் 10 பந்து, படு மோசமான இரண்டைத் தள்ளிவிட்டு மீதியின் சராசரி. உருண்டு போனதைச் சேர்க்காமல், காற்றில் போன தூரம் மட்டும்: 7 அயர்ன் 132 யார்டு, 6 அயர்ன் 140, 5 அயர்ன் 143, 4 அயர்ன் 138.

கடைசி எண்ணைப் பார்த்ததும் கருவியில்தான் கோளாறு என்று நினைத்து இன்னும் ஐந்து பந்து அடித்தேன். இல்லை, அதேதான். என் 4 அயர்ன் 6 அயர்னைவிடக் குறைவாகப் போகிறது. பையில் 4, 5, 6 என்று மூன்று கிளப் வைத்துக்கொண்டு மூன்றையும் ஒரே தூரத்துக்குப் பயன்படுத்திக்கொண்டிருந்திருக்கிறேன். விதிப்படி 14 கிளப்புக்கு மேல் வைக்க முடியாது, அதில் இரண்டு இடத்தைச் சும்மா அடைத்து வைத்திருக்கிறேன் என்று அர்த்தம்.

காரணம் சிக்கலானது இல்லை. லாஃப்ட் (கிளப் முகத்தின் சாய்வு) குறைந்த கிளப் பந்தைத் தூக்கி நிறுத்த வேகத்தைக் கேட்கும். வேகம் போதாவிட்டால் பந்து தாழ்வாகக் கிளம்பும், சுழற்சியும் குறையும், மேலே நிற்காமல் சீக்கிரமே இறங்கிவிடும். இதில் எண்ணும் நம்மை ஏமாற்றுகிறது. பழைய செட்டுகளில் 7 அயர்னின் லாஃப்ட் 35 டிகிரி பக்கம் இருந்தது, இன்று எங்களைப் போன்றவர்களுக்கென்று விற்கும் செட்டுகளில் பெரும்பாலும் 30 டிகிரியை ஒட்டி, சிலவற்றில் அதற்கும் கீழே. என் 5 அயர்ன் 24 டிகிரி. அதாவது அடிப்பகுதியில் 5 என்று பொறித்த பழைய காலத்து 4 அயர்ன். இளமையிலேயே தகராறு செய்த கிளப்பை 63 வயதில் வேறு பெயரில் அடித்துக்கொண்டிருந்தேன்.

4 அயர்னின் முகத்தில் காலுக்கு அடிக்கும் பவுடர் ஸ்ப்ரேயை லேசாக அடித்துவிட்டு நாலு பந்து அடித்துப் பார்த்தேன். மூன்று தடம் கடைசி இரண்டு கோடுகளுக்கு நடுவில், கிட்டத்தட்ட விளிம்பில். ஒன்றுதான் நடு முகத்தில். அப்படி விளிம்பில் படும்போதெல்லாம் கட்டை விரலின் அடிமூட்டிலிருந்து முழங்கை வரை ஒரு விர்ரென்ற அதிர்வு ஏறும், அடுத்த இரண்டு ஷாட்டுக்குக் கை தானாகவே பயந்து பிடிக்கும். இந்தப் பயத்துக்கு எந்தக் கருவியிலும் எண் கிடையாது, ஆனால் ஸ்கோரில் தெரியும்.

சரி, ஹைப்ரிட் (அயர்னுக்கும் பெரிய தலை கொண்ட வுட்டுக்கும் இடைப்பட்ட கிளப்) என்று முடிவு செய்தேன். உடனே வாங்கவில்லை. என்னோடு ஆடும் அண்ணன் ஒருவர் இருக்கிறார், 71 வயது, அவர் பையில் 7-க்குக் கீழே அயர்னே இல்லை. அவருடைய 22 டிகிரி ஹைப்ரிட்டை இரவல் கேட்டேன். “வாங்கிட்டுப் போ தம்பி, ஆனா திருப்பித் தரும்போது உன் முகத்தைப் பார்க்கணும்” என்றார். இன்னொரு நண்பர், “இது வயசானவங்க கம்பாச்சே” என்று ஆரம்பித்தார். 2009 பிஜிஏ சாம்பியன்ஷிப்பில், ஹேசல்டைன் மைதானத்தின் கடைசிக் குழியில், 200 யார்டுக்கு மேலிருந்து 3 ஹைப்ரிட்டால் கொடிக்குப் பக்கத்தில் போட்டு டைகர் வுட்ஸை மண்ணைக் கவ்வ வைத்த ஒய். இ. யாங்குக்கு அன்று 37 வயது என்று நினைவுபடுத்தினேன். கடைசி நாளை முன்னிலையில் தொடங்கிய மேஜரை (கோல்ஃபின் நாலு பெரிய போட்டிகளில் ஒன்றை) வுட்ஸ் விட்டது அதுதான் முதல் தடவை. நண்பர் பேச்சை மாற்றினார்.

முதல் வாரம் தேன்நிலவு. பந்து ஏறுகிறது, நீளப் புல்லான ரஃபிலிருந்துகூட எழும்புகிறது (அயர்னின் கழுத்தைப் புல் பிடித்துத் திருப்பும் அளவுக்கு இதைத் திருப்புவதில்லை), 161 யார்டு காற்றிலேயே போகிறது. ஹைப்ரிட்டில் எடை கீழேயும் பின்னாலும் தள்ளி இருப்பதால் கொஞ்சம் தாழ்வாகப் பட்டாலும் பந்து மேலே போய்விடும். ஒன்றை மட்டும் யாரும் சொல்வதில்லை, ஒரே எண் போட்ட அயர்னைவிட ஹைப்ரிட் பொதுவாக அரை இன்ச் முதல் ஒரு இன்ச் வரை நீளம். கிடைத்த கூடுதல் தூரத்தில் ஒரு பங்கு இந்த நீளத்தால் வந்தது, எல்லாமே தொழில்நுட்ப மாயம் இல்லை. அந்த நீளத்துக்கு ஒரு விலையும் உண்டு, அது இரண்டாம் வாரம் தெரிந்தது.

ஹூக். இடது பக்கம் இழுத்துக்கொண்டு போகும் அசிங்கமான ஹூக். நான் வலது கைக்காரன், வாழ்க்கை முழுக்கப் பந்தை வலது பக்கம் வளைய விடுகிறவன், எனக்கே இது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இதற்குள் சொந்தமாக ஒரு 25 டிகிரி ஹைப்ரிட்டும் வாங்கியிருந்தேன், அதன் கழுத்தில் லாஃப்ட்டை மாற்றும் திருகு இருந்தது. பந்து இன்னும் உயரம் போகட்டுமே என்று ஒரு டிகிரி கூட்டி வைத்தேன். இடது பக்கம் இன்னும் மோசமானது. மூன்று நாள் என் கை மணிக்கட்டைத் திட்டிக்கொண்டு இருந்த பிறகுதான் உறைத்தது, அந்தத் திருகில் லாஃப்ட்டைக் கூட்டினால் முகம் சேர்ந்தே இடது பக்கம் மூடிக்கொள்ளும். கிளப்பைத் தரையில் வைத்து மேலிருந்து பார்த்தாலே தெரிகிறது, நான்தான் பார்க்கவில்லை. பழைய இடத்துக்குத் திருப்பினேன், கூடவே தண்டுக்கும் தரைக்கும் உள்ள கோணத்தைத் தட்டையாக்கும் ஒரு நிலையும் அதில் இருந்தது, அதில் வைத்தேன். பாதிப் பிரச்சினை அங்கேயே போனது.

மீதிப் பாதிக்குப் பயிற்சியாளரிடம் போனேன், என் மகன் வயது இருக்கும். நாலு ஷாட் பார்த்துவிட்டு, “சார், இதை நீங்க துடைப்பம் மாதிரிப் பெருக்குறீங்க” என்றார். உண்மைதான். பார்க்க வுட் மாதிரி இருப்பதால் பந்தை இடது குதிகாலுக்கு நேராக வைத்து, தரையோடு பெருக்கித் தள்ளிக்கொண்டிருந்தேன். அந்த இடத்துக்குக் கிளப் வந்து சேரும்போது முகம் ஏற்கெனவே மூட ஆரம்பித்திருக்கும். பந்தைக் குதிகாலிலிருந்து இரண்டு பந்து அகலம் உள்ளே தள்ளி வைக்கச் சொன்னார், அயர்ன் மாதிரியே கொஞ்சம் இறங்கி அடிக்கச் சொன்னார். பந்து இருந்த இடத்துக்கு முன்னால் புல்லின் நுனி மட்டும் சீவினது போல ஒரு சின்னத் தடம் விழ வேண்டும், மண் பெயரக் கூடாது. இதோடு அரை இன்ச் இறக்கிப் பிடிக்கிறேன். தூரம் மூன்று யார்டு குறைந்தது, பந்து ஃபேர்வேயில், அதாவது வெட்டிய புல் பாதையில், இருந்தது.

அப்புறம் ஷாஃப்ட், அதாவது கிளப்பின் தண்டு. இதில் ஒரு தப்பு செய்தேன், அதையும் எழுதி வைக்கிறேன். வயதானவர்களுக்கு லேசானதுதான் நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு 55 கிராம் சீனியர் ஷாஃப்ட் போட்டு வாங்கியிருந்தேன். என் அயர்ன்களில் இருப்பதோ 105 கிராம் ஸ்டீல். 7 அயர்ன் அடித்துவிட்டு அடுத்த குழியில் ஹைப்ரிட்டை எடுத்தால் கையில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும், தோள் திரும்புவதற்குள் கை முந்திக்கொள்ளும். 75 கிராம் ரெகுலர் கிராஃபைட்டுக்கு மாற்றிய பிறகுதான் இரண்டும் ஒரே ஆளின் பையில் இருப்பது போல் ஆனது. யாராவது ஹைப்ரிட் வாங்கப்போனால் லாஃப்ட்டைக் கேட்பதற்கு முன்னால், ஏற்கெனவே வைத்திருக்கும் அயர்னின் ஷாஃப்ட் எடையைத் தெரிந்துகொண்டு போங்கள்.

மூன்றாம் மாத முடிவில் மறுபடி மானிட்டர். 22 டிகிரி 4 ஹைப்ரிட் 159 (இதற்குள் அதுவும் சொந்தம், அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன்னுடையதை வாங்கிக்கொண்டார்). 25 டிகிரி 5 ஹைப்ரிட் 151. அந்தத் தண்ணீர் குழிக்கு 148 போதும் அல்லவா, அடுத்த ஞாயிறு 5 ஹைப்ரிட்டை எடுத்தேன். தாண்டியது. தாண்டி, கிரீனுக்கு (குழி இருக்கும் குட்டைப் புல் தளம்) இடது பக்கப் பங்கரில், மணல் பள்ளத்தில், விழுந்தது. போகட்டும், பந்து உலர்ந்து இருந்தது.

4-உம் 5-உம் மாறியதில் எனக்கு இப்போது துளி சந்தேகம் இல்லை. சண்டை 6-இல்தான். அங்கே அயர்ன் இன்னும் சாகவில்லை, 140 யார்டு ஒழுங்காகப் போகிறது. 28 டிகிரி 6 ஹைப்ரிட் வாங்கி இரண்டையும் எட்டு ரவுண்டு மாற்றி மாற்றி ஆடினேன். தூரத்தில் மூன்றே யார்டு வித்தியாசம், அதற்காக யாரும் கிளப் மாற்ற வேண்டாம். வித்தியாசம் பந்து இறங்குவதில் இருக்கிறது. என் 6 அயர்ன் கிரீனில் 38 டிகிரி கோணத்தில் இறங்குகிறது, 6 ஹைப்ரிட் 44-இல். கேட்கச் சின்ன எண். கிரீனில் அயர்ன் பந்து குதித்து ஓடிப் பின் விளிம்பைத் தாண்டிவிடும், ஹைப்ரிட் பந்து விழுந்த குழிவிலிருந்து ஏழெட்டு அடியில் நிற்கும். தரை இறுகிக் கிடக்கும் நாட்களில் இது முழு ஒரு ஸ்ட்ரோக்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எதிர்க்காற்றில் ஹைப்ரிட் எனக்குப் பிடிக்கவில்லை, பந்து மேலே ஏறி அங்கேயே நின்று யோசிக்கிறது. ஃபேர்வே பங்கரில் அதன் அகலமான அடிப்பகுதி மணலில் பட்டுத் துள்ளுகிறது, பந்தை முதலில் சுத்தமாக எடுக்க அயர்னின் மெல்லிய விளிம்புதான் எனக்கு நம்பிக்கை. மரக்கிளைக்கு அடியில் தாழ்வாகத் தள்ளும் ஷாட்டுக்கும் 6 அயர்ன் மாதிரி ஒன்று இல்லை. ஆனால் நேர்மையாக எண்ணிப் பார்த்தேன், எட்டு ரவுண்டில் இந்த மூன்றும் சேர்ந்து ஐந்து தடவைதான் வந்தன. 140 யார்டிலிருந்து கிரீனை நோக்கி அடிப்பது ஒரு ரவுண்டிலேயே மூன்று நாலு தடவை வருகிறது.

எதிர்பார்க்காமல் கிடைத்த ஒன்று, கிரீனுக்கு வெளியே ஓரத்திலிருந்து ஹைப்ரிட்டால் சிப் செய்வது, அதாவது குட்டியாகத் தட்டி அனுப்புவது. 2004 பிரிட்டிஷ் ஓப்பனில், ராயல் ட்ரூன் மைதானத்தில், எர்னி எல்ஸோடு சமன் ஆகிப் பிளேஆஃப் ஆடிய டாட் ஹாமில்டன் அப்படித்தான் உருட்டி ஜெயித்தார். கிரீனில் பந்தை உருட்டும் புட்டர் கிளப் மாதிரி பிடித்து, மணிக்கட்டை அசைக்காமல் தட்டினால் பந்து புல்லின் மேல் ஒரு சின்னத் தாவு தாவிவிட்டு உருளுகிறது. வெட்ஜை (லாஃப்ட் அதிகமான குட்டைக் கிளப்) எடுத்தால் கை நடுங்கும் எனக்கு இது பெரிய நிம்மதி. இதற்கு 4 ஹைப்ரிட்தான் வைத்துக்கொள்கிறேன்.

7 வுட், 9 வுட் பக்கம் போகலாமே என்று அண்ணன் ஒவ்வொரு வாரமும் சொல்கிறார். அவர் 9 வுட் ஹைப்ரிட்டைவிட உயரமாக, மெதுவாக வந்து உட்காருகிறது, பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அது அடுத்த வருஷத்துப் பைத்தியம், இப்போதைக்குக் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறேன்.

போன சனிக்கிழமை நிலவரம்: 4, 5, 6 ஹைப்ரிட் பையில், 7 முதல் அயர்ன், 6 அயர்ன் கார் டிக்கியில். பதினோராவது குழியில் சரியாக மரத்தடியில் போய் நின்றது பந்து, பந்துக்கு முன்னால் இடுப்புயரத்தில் ஒரு கிளை. கை தன்னால் பையில் 6 அயர்னைத் தேடியது. இல்லை. 7 அயர்னை எடுத்து, பந்தை வலது காலுக்கு நேராக வைத்து, முழங்கால் உயரத்துக்கு மட்டும் பின்னால் இழுத்துத் தட்டினேன். 90 யார்டு உருண்டு ஃபேர்வேக்கு வந்தது. 6 அயர்ன் அடித்திருந்தால் 100 போயிருக்கும். டிக்கியிலிருந்து அதை இன்னும் வீட்டுக்குள் எடுத்து வைக்கவில்லை.