மாதா குளத்துக்குப் போகும் மணலில்

தம்பி பிழைத்து வீட்டுக்கு வந்தால் வேளாங்கண்ணியில் மாதா குளம் வரைக்கும் முழங்காலிலேயே வருகிறேன் என்று, பைபாஸ் நடந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நேர்ந்துகொண்டேன். மாதா கைவிடவில்லை. நாலு மாதம் கழித்து, திருவிழாக் கொடியேறிய நாலாம் நாள், செப்டம்பர் 1 அன்று திருச்சியில் பஸ் ஏறினேன். துணைக்கு வந்தவள் தம்பி மனைவி.

அவள் வருவாள் என்று நான் நினைக்கவே இல்லை. நாங்கள் கத்தோலிக்கர், அவள் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவள். பொட்டு, பூ, நகை எதுவும் கிடையாது. கல்யாணமான இந்த 9 வருஷத்தில் ஒரு நாள்கூட எங்களோடு ஜெபமாலை சொன்னதில்லை. நானும் அதைச் சும்மா விட்டதில்லை. "பூசைக்கே வராதவளுக்கு என்ன விசுவாசம்" என்று அவள் காதுபடப் பேசியிருக்கிறேன். ஆபரேஷன் அன்று அவள் கண்ணை மூடி "இயேசப்பா, இயேசப்பா" என்று சத்தமாக ஜெபித்தபோது, "மெதுவா சொன்னா அவருக்குக் கேக்காதா?" என்று கேட்டேன். அடுத்தவர் வீட்டு வேலையாளைத் தீர்ப்பிட நீ யார் என்று உரோமையர் 14இல் பவுல் கேட்பதை எத்தனை பூசையில் கேட்டிருப்பேன்!

வேளாங்கண்ணியில் பார்த்த இடமெல்லாம் காவி. சென்னையிலிருந்து நடந்தே வந்தவர்கள் வெடித்த பாதத்தோடு சப்பரம் இழுத்து வருகிறார்கள். அவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் இந்த ரூம் புரோக்கர்கள் இருக்கிறார்களே, பையைப் பிடுங்காத குறை. ஒரு ராத்திரிக்கு 3,000 ரூபாயாம், ஜன்னல்கூட இல்லாத அறைக்கு. மெழுகுவர்த்தி விற்கிற பையன் வேறு விடாமல் கூடவே வந்தான்.

சரி, மணல் பாதையில் முட்டி போட்டாயிற்று. முதல் பத்து நிமிஷம் ஜோராகத்தான் போனேன். அப்புறம் மணல் சேலையைத் தாண்டி முட்டியை அரைக்க ஆரம்பித்தது. பத்து மணி வெயில். "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கி ஓரிடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். மூச்சுதான் வந்தது, அடுத்த வார்த்தை வரவில்லை.

அப்போதுதான் என் மேல் நிழல் விழுந்திருப்பதைக் கவனித்தேன். எவ்வளவு நேரமாகவோ குடையை எனக்குப் பிடித்தபடி, தான் வெயிலில் நடந்து வந்திருக்கிறாள். பையிலிருந்து துண்டை எடுத்து நாலாக மடித்து என் முட்டிக்கு முன்னால் போட்டாள். நான் தாண்டியதும் எடுத்து உதறி மறுபடி முன்னால் போட்டாள். "இன்னும் கொஞ்சந்தான் அண்ணி. அவருக்காகத்தானே நேர்ந்தீங்க" என்றாள். பிறகு மெல்லச் சொல்லத் தொடங்கினாள்: "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்..."

எங்கள் பைபிளில் "மலைகளை நோக்கி என் கண்களை உயர்த்துகின்றேன்" என்று வரும். அதே 121தான். எங்களுக்குத் திருப்பாடல், அவர்களுக்குச் சங்கீதம். ஒத்தாசை என்ற சொல்லை என் பாட்டி வாயில் கேட்டது, எத்தனை வருஷமாயிற்று! அதைப் பிடித்துக்கொண்டே குளம் வரைக்கும் போய்ச் சேர்ந்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தால், அவள் குனிந்து என் சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

கோயிலுக்குள் அவள் வரவில்லை. வெளியே செருப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். நானும் இந்தத் தடவை வற்புறுத்தவில்லை. பட்டுப்புடவையில் மாதா முகத்தைப் பார்த்ததும், எழுதி வைத்திருந்த மன்றாட்டுகள் எல்லாம் மறந்துபோயின. தம்பி பேரைச் சொன்னேன், அவள் பேரைச் சொன்னேன், அப்புறம் நன்றி தாயே, நன்றி தாயே என்பது மட்டும்தான். பின்னாலிருந்து கூட்டம் தள்ளித் தள்ளி, வாசலில் வந்து விழுந்தபோதும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ராத்திரி பஸ் நாகப்பட்டினம் தாண்டியதும் அவள் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு, "இயேசப்பா, ஸ்தோத்திரம்" என்று வழக்கம்போல் சத்தமாகவே ஆரம்பித்தாள். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் ஆமென் சொன்னேன், அவருக்கும் கேட்கிற மாதிரி.